ஸ்மார்ட் தண்ணீர் பாட்டில்: எவர்சில்வர் 15 வருடம் உழைக்கும், பேட்டரி 3 வருடம்தான். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

சிறுவாணி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நானும் கல்லூரித் தோழிகள் இரண்டு பேரும் கோவையில் ஒரு ஸ்மார்ட் தண்ணீர் பாட்டில் செய்துகொண்டிருக்கிறோம். 750 மி.லி. கொள்ளளவு, இரட்டைச் சுவர் எவர்சில்வர். அடியில் எடை பார்க்கும் லோடு செல், அதற்கு ஒரு பேட்டரி. மூடியில் எல்இடி வளையமும் தண்ணீரைச் சுத்திகரிக்க யுவி-சி விளக்கும், அதற்கு இன்னொரு பேட்டரி. போனில் ஒரு ஆப். எவ்வளவு குடித்தோம் என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும், ரொம்ப நேரம் குடிக்காமல் இருந்தால் மூடி ஒளிரும். முதல் தொகுதியாக 500 பாட்டில் போடலாம் என்று இருக்கிறோம்.

போன மாதம் நடந்ததைச் சொன்னால் ஏன் கேட்கிறேன் என்று புரியும். மாதிரி பாட்டிலைத் தோழியின் வீட்டில் ஒரு வாரம் பயன்படுத்தக் கொடுத்திருந்தோம். அவளுடைய அம்மா மற்றப் பாத்திரங்களோடு சேர்த்து மூடியையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கழுவிவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, வாய் வைத்துக் குடிக்கிற மூடியை வேறு எப்படிக் கழுவுவார்கள்? மூடி அதோடு செத்துவிட்டது. தண்ணீர் புகக்கூடாது என்பதற்காக அதைப் பசை ஊற்றி ஒட்டியிருந்தோம், திறக்க வழியில்லை. ஆக்சா பிளேடால் அறுத்துப் பார்த்தபோது மின்சுற்றுப் பலகை, விளக்கு, பேட்டரி எல்லாமே பசைக்குள் ஒரே கட்டியாக இருந்தன. எதையும் மறுபடி பயன்படுத்த முடியவில்லை. பக்கத்தில் எவர்சில்வர் உடம்பு மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே நின்றது. அந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

தோழிகள் பெட்டியின் மேல் "பசுமைத் தயாரிப்பு" என்று அச்சடிக்கலாம் என்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்று என்பதால் அதில் பொய் இல்லை என்பது அவர்கள் கருத்து. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பாட்டில், சென்சார், பேட்டரி எல்லாவற்றையும் யோசித்தால், உண்மையிலேயே நீடித்து உழைக்கிற, வீணாகாத பொருளாக இதைச் செய்ய எதை மாற்ற வேண்டும்? பட்டறை அனுபவம், மின்னணு அனுபவம், பயன்படுத்திய அனுபவம், எது இருந்தாலும் எழுதுங்கள். இது எதுக்கும்மா என்று சொல்ல நினைப்பவர்களும் சொல்லலாம், கேட்டுக்கொள்கிறேன்.

பட்டறை_கணபதி

தங்கச்சி, எவர்சில்வர் பாத்திர வேலையில் எனக்கு 22 வருடம். உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மின்னணு எனக்குத் தெரியாது.

முதலில் தகடு. 304 என்று சொல்லித் தருகிறார்களா, 304 தானா என்று பாருங்கள். 304 என்றால் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். சந்தையில் 200 வரிசைத் தகடு நிறையச் சுற்றுகிறது, அதில் விலை அதிகமான நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். பார்வைக்கு ஒரே பளபளப்பு. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது, இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. உப்புத் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி வைக்கிற நம்மூர்ப் பழக்கத்துக்கு 200 வரிசை சீக்கிரமே புள்ளி புள்ளியாக அரிக்கும். தகடு வாங்கும்போது ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள், அப்புறம் ஒரு துண்டை வெட்டிப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். 500 பாட்டிலுக்கு அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. பாட்டில் நீடிக்குமா இல்லையா என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

இரண்டாவது, இரட்டைச் சுவர் உங்களுக்கு நிஜமாகவே வேண்டுமா? குளிர்ச்சியோ சூடோ நிற்க வேண்டும் என்றால் வேண்டும்தான். ஆனால் அதில் நடுவில் வெற்றிடம் இருக்கிறது, அடியில் ஒரு சின்ன ஓட்டையைச் சூளைக்குள் வைத்து அடைத்திருப்பார்கள். ஒரு தடவை பலமாகக் கீழே விழுந்து அந்த அடைப்போ ஒட்டோ விட்டுவிட்டால் வெற்றிடம் போய்விடும். அதை ஊர்ப் பட்டறையில் யாராலும் சரிசெய்ய முடியாது. ஒற்றைச் சுவர் என்றால் தகடு ஏறத்தாழ பாதி, நசுங்கினாலும் தண்ணீர் பிடிக்கும், அடுப்பில் வைத்துக் கொதிக்கவும் வைக்கலாம். அந்த அடைப்பில் ஈயம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் தன்னுடைய கோப்பைகளின் அடி அடைப்பில் கொஞ்சம் ஈயம் இருப்பதை ஒப்புக்கொண்டது. அதை ஒரு எவர்சில்வர் தகடு மறைத்திருப்பதால் குடிப்பவருக்குப் படாது என்று விளக்கம் சொன்னார்கள். அது சரியாகவே இருக்கட்டும், பத்து வருடம் கழித்து அந்த அடியை உருக்குகிறவனையும் யோசிக்க வேண்டும். ஈயம் இல்லாத அடைப்பு கிடைக்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள்.

பெயின்ட் வேண்டாம். வண்ணம் கட்டாயம் வேண்டும் என்றால் பவுடர் கோட்டிங், அதில் கரைப்பான் ஆவி கிடையாது. என்னைக் கேட்டால் வெறும் எவர்சில்வரே போதும், பேர் வெட்டிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் பாட்டியின் கல்யாணத்துக்கு வந்த குடத்தில் இன்னும் கொடுத்தவர் பேர் இருக்கிறது, அதனாலேயே அதை யாரும் எடைக்குப் போடவில்லை. தொலைந்துபோனாலும் பேர் இருக்கிற பாட்டில் திரும்பி வரும்.

2023-இல் குடிநீர் பாட்டில்களுக்கு மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணை போட்டிருக்கிறது, பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை சம்பந்தப்பட்ட விஷயம். 500 போடுவதற்கு முன்னால் அதைப் படித்துவிடுங்கள்.

மின்வெட்டு

பத்து வருடமாகச் சிறு மின்னணுக் கருவிகள் வடிவமைக்கிறேன். உங்கள் தலைப்பிலேயே விடை இருக்கிறது. உடம்புக்கு ஒரு ஆயுள், மின்னணுவுக்கு ஒரு ஆயுள், இரண்டையும் பசையால் சேர்த்தால் குறைந்த ஆயுள்தான் மொத்தத்துக்கும் ஆயுள். லித்தியம் பாலிமர் 300 முதல் 500 தடவை சார்ஜ் ஏற்றி இறக்கினால் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்துவிடும், அது நன்றாகப் பார்த்துக்கொண்டால். 45 டிகிரிக்கு மேல் அதைச் சார்ஜ் செய்யவே கூடாது. உங்கள் பாட்டில் சித்திரை வெயிலில் பூட்டிய காரில் கிடக்கும், உள்ளே சாதாரணமாக 60 டிகிரியைத் தாண்டும். சின்ன பேட்டரி அதைத் தாங்காது, உப்பிவிடும்.

ஒரு பாட்டிலில் ஏன் இரண்டு பேட்டரி, இரண்டு பலகை? இரட்டைச் சுவரைத் தாண்டி ஒயர் போக வழியில்லை என்பதால்தான். அப்படியென்றால் மூடியில் இருக்கும் அத்தனையையும் எடுத்துவிடுங்கள். மூடி சுத்தமாக வெறும் மூடி, கொதிநீரில் போட்டாலும் கவலையில்லை. தோழியின் அம்மா செய்த சோதனையில் அது தேறும்.

யுவி-சி விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் உங்கள் மின்சாரத்தில் பெரும்பங்கைத் தின்கிறது. 275 நானோமீட்டர் பக்கம் வேலை செய்யும் எல்இடிகள் இன்னும் திறன் குறைந்தவை, உள்ளே போகும் மின்சாரத்தில் சில சதவீதம்தான் ஒளியாக வரும், மீதி வெப்பம். அந்த ஒளி படும் இடத்தில் கிருமி சாகும், உண்மை. வாஷருக்கு அடியிலும் மரையின் நிழலிலும் படியும் வழவழப்பு மேல் அது படாது, பாட்டில் நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. கலங்கல் தண்ணீரில் சரியாக வேலை செய்யாது, உப்பு, புளோரைடு எதையும் எடுக்காது. போதாததற்கு மூடியின் பிளாஸ்டிக்கையும் நாளடைவில் கெடுக்கும். மலையேறப் போகிறவருக்கு, ஓடைத் தண்ணீர் குடிக்கிறவருக்கு அது தேவைப்படலாம். வீட்டில் சுத்திகரித்த தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஆபீஸ் போகிறவருக்கு அகலமான வாயும் ஒரு நல்ல பிரஷும் போதும். பாட்டிலின் வாய்க்குள் கை நுழைந்தால் இன்னும் நல்லது.

இப்போது அளவிடுவது. வெளியிலிருந்தே மின்புலத்தை வைத்துத் தண்ணீர் மட்டம் பார்க்கும் கெப்பாசிட்டிவ் சென்சார் எவர்சில்வர் சுவர் வழியாக வேலை செய்யாது, உலோகம் மறைத்துவிடும். மூடியிலிருந்து ஒளி அடித்துத் தூரம் பார்க்கும் சென்சார் இருக்கிறது, ஆனால் அதன் கண்ணாடியில் ஆவி படியும், தண்ணீர்ப் பரப்பும் ஒளியைக் கண்டபடி திருப்பும், நானே முயன்று விட்டுவிட்டேன். நீங்கள் எடுத்த லோடு செல்தான் சரி. அதை ஒரு தனி வில்லையாகச் செய்யுங்கள். பாட்டிலின் அடியில் மாட்டுகிற, கழுவும்போது கழற்றி வைக்கிற வில்லை. தண்ணீருக்குள் அது போகவே போகாது, உணவுப் பொருளோடு தொடர்பும் கிடையாது, அதனால் பசை ஊற்றத் தேவையில்லை, ஒரு ரப்பர் வளையமும் நாலு திருகாணியும் போதும். விட்டம் 73 மி.மீ. பாட்டிலுக்குப் பொருந்துவதாக இருக்கட்டும், சைக்கிள் கூண்டில் நுழையும் பாட்டில்களின் அளவு அதுதான், அப்போது வேறு பாட்டில்களுக்கும் மாட்டலாம். விழுந்தால் லோடு செல் கெடும், அதனால் அளவுக்கு மேல் அழுத்தம் வந்தால் உடம்பு நேராகத் தரையில் நிற்கிற மாதிரி ஒரு தடுப்பு வையுங்கள்.

மின்சாரக் கணக்கு பாருங்கள். பாட்டிலை மேசையில் வைக்கும்போது மட்டும் விழித்து எடை பார்த்துவிட்டுத் தூங்கும் பலகை, தினம் பன்னிரண்டு தடவை பத்து விநாடி ஒளிரும் ஒரு சின்ன எல்இடி, அவ்வப்போது ப்ளூடூத். ஒழுங்காக எழுதினால் சராசரி 20 மைக்ரோ ஆம்பியருக்குள் அடக்கலாம். சிஆர்2032 நாணய பேட்டரியில் சுமார் 220 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி), அதாவது 11,000 மணி நேரம், ஒன்றேகால் வருடம். நானாக இருந்தால் நாணய பேட்டரிக்குப் பதில் வெளியே எடுத்து மறுபடி சார்ஜ் ஏற்றும் ஏஏஏ செல் இரண்டு போடுவேன். கனம் கூடும், ஆனால் எந்த ஊர் எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், சின்னக் குழந்தை விழுங்கிவிடும் என்ற பயமும் இல்லை. சார்ஜ் துளை வேண்டாம், சார்ஜ் ஒயர் வேண்டாம், அந்தச் சுற்றே வேண்டாம்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரிச் சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கருவிகளில் இருக்கும் சிறிய பேட்டரிகளைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். தண்ணீர் படும் இடத்தில் பயன்படும், கழுவக்கூடிய கருவிகளுக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறார்கள், தொழில் தெரிந்தவர் கழற்ற முடிந்தால் போதும். பாட்டில் செய்கிறவர்கள் பலர் அந்தச் சலுகையைப் பிடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நம் நாட்டில் 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், கருவிக்குள் வைத்து விற்கும் பேட்டரிக்கும் தயாரிப்பாளரையே பொறுப்பாக்குகின்றன. 500 தானே என்று விட்டுவிட வேண்டாம்.

சிறுவாணி

அண்ணா இருவருக்கும் ரொம்ப நன்றி. வில்லை என்ற யோசனை எங்களுக்கு வரவே இல்லை, நாங்கள் பாட்டிலை ஒரே பொருளாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். யுவி-சி-யை விடத் தோழி ஒருத்திக்கு மனசில்லை, அவளுக்கு இந்தப் பதிலை அப்படியே அனுப்பியிருக்கிறேன். ஒரு சந்தேகம்: ஒளிர்வது அடியில் போய்விட்டால் யார் கண்ணில் படும்? மேசையில் இருக்கும்போது சரி, பைக்குள் இருந்தால்?

மின்வெட்டு

பைக்குள் இருந்தால் மூடி ஒளிர்ந்தாலும் தெரியாது. போன் அதிரட்டும். மேசையில் அடி வளையம் ஒளிர்ந்தால் மேசைப் பரப்பில் வெளிச்சம் விழும், அது மூடியைவிட நன்றாகவே தெரியும்.

இரண்டரை_லிட்டர்

பயன்படுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். எனக்குச் சிறுநீரகக் கல் இரண்டு தடவை வந்தது. அந்த வலியை எழுத்தில் சொல்ல முடியாது. தினம் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார் மருத்துவர். குடிக்கிற அளவு இல்லை, போகிற அளவு. வியர்வை வேறு தனி. நான் நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காருகிறவன், தாகமே எடுக்காது. அதனால் 2021-இல் ஒரு ஸ்மார்ட் பாட்டில் வாங்கினேன். அது எனக்கு உதவியது, அதை மனசாரச் சொல்கிறேன். இது எதுக்கு என்று யாராவது கேட்டால் என்னைக் காட்டுங்கள்.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, போனை மாற்றியபோது அந்த ஆப் புதிய போனில் ஏறவில்லை, அந்த நிறுவனமே கடையை மூடிவிட்டது என்று அப்புறம் தெரிந்தது. இலக்கு, நேரம் எல்லாம் அவர்களுடைய சர்வரிலிருந்து வந்ததால் பாட்டில் ஒளிர்வதும் நின்றுவிட்டது. பேட்டரி நன்றாக இருந்தது, சென்சார் நன்றாக இருந்தது, ஆனாலும் பாட்டில் ஊமையாகிவிட்டது. ஆகவே தயவுசெய்து ஆப் இல்லாமலும் வேலை செய்யும்படி வையுங்கள், அடியில் ஒரு பொத்தான், அதை அழுத்தி மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை என்று மாற்றிக்கொண்டால் போதும். கணக்கை உங்கள் சர்வரில் வைக்க வேண்டாம், ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்ட் இருக்கிறது, ஐபோனில் ஹெல்த் இருக்கிறது, இரண்டிலும் குடித்த தண்ணீரைப் பதிய இடம் உண்டு. நீங்கள் நாளைக்கு இந்தத் தொழிலை விட்டாலும் என் பாட்டில் ஓட வேண்டும்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நினைவூட்டல் எனக்குத் தேவைப்பட்டது மூன்று மாதம், அதிகம் போனால் நாலு மாதம். அதற்குள் உடம்பு பழகிவிட்டது, பதினோரு மணி ஆனால் கை தானாகப் பாட்டிலுக்குப் போகிறது. அதற்கு அப்புறம் சென்சார் சும்மா இருந்தது. வில்லை தனியாகக் கழன்று வரும் என்றால், நான் அதை அன்றைக்கே கல் வந்த இன்னொருவருக்குக் கொடுத்திருப்பேன். பாட்டில் என்னோடு, வில்லை அடுத்தவரோடு. வாடகைக்குக்கூடக் கொடுக்கலாம், ரத்தக்கொதிப்பு மானிட்டர் வீட்டுக்கு வீடு போகிற மாதிரி. 500 பாட்டிலுக்கு 500 வில்லை தேவைப்படாது. மறதி நோய் இருக்கும் பெரியவர்களுக்கு மட்டும் அது எப்போதும் வேண்டியிருக்கும், அவர்களுக்குப் போனும் இல்லாமல் வேலை செய்ய வேண்டும், அதையும் மனதில் வையுங்கள்.

காயலான்கடை_மகள்

எங்கள் அப்பா முப்பது வருடம் சென்னையில் காயலான் கடை வைத்திருந்தார். உங்கள் பாட்டில் கடைசியில் எங்கே வரும் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். அது எங்களிடம்தான் வரும்.

எவர்சில்வருக்கு இரும்பைவிடப் பல மடங்கு விலை, அதனால் அதை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். வண்டிக்காரர் வாங்கி வந்து கொட்டுவார், கடையில் பிரிப்பார்கள். பிரிப்பது என்றால் சுத்தியல், உளி, கை. மூடியோ அடியோ பசையால் ஒட்டியிருந்தால் ஒரே அடி, பிளாஸ்டிக் சிதறும், எவர்சில்வர் ஒரு மூட்டைக்குப் போகும். அந்த அடி விழும் இடத்தில் லித்தியம் பேட்டரி இருந்தால் என்ன ஆகும்? எங்கள் கடையில் ஒரு தடவை ஒரு பழைய புளூடூத் ஸ்பீக்கரை இப்படி உடைத்தபோது பேட்டரி பற்றிக்கொண்டது, பக்கத்தில் இருந்த அட்டைக் கட்டும் சேர்ந்து எரிந்தது. வேலை செய்த அண்ணனுக்கு முன்கை முழுக்கக் கொப்புளம். உள்ளே பேட்டரி இருக்கிறது என்று வெளியே எங்கேயும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் சின்ன எழுத்தில், அவர் படிக்காத மொழியில் இருந்திருக்கும்.

அதனால் வில்லையைக் கையால் திருகிக் கழற்றுகிற மாதிரிச் செய்யுங்கள். அதன்மேல் பேட்டரி படம் ஒன்றைப் பெரிதாக அச்சிலேயே பதியுங்கள், ஸ்டிக்கர் வேண்டாம், உரிந்துவிடும். திருகாணி சாதாரண நட்சத்திரத் தலை திருகாணியாக இருக்கட்டும், எங்கள் கடைகளில் விசேஷத் திருப்புளி எல்லாம் கிடையாது, கிடைக்காவிட்டால் சுத்தியல்தான். பிளாஸ்டிக் பாகம் எந்த வகை என்று எண் போடுங்கள், ஒரே பாகத்தில் இரண்டு வகையைக் கலந்து வார்க்காதீர்கள், மேலே ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும்படி ஒட்டி வார்த்த பிளாஸ்டிக்கை யாரும் எடுப்பதில்லை, அப்படியே குப்பை மேட்டுக்குப் போகும்.

பட்டறை அண்ணா சொன்ன 304-க்கும் இதில் பங்கு உண்டு. பெரிய வியாபாரிகள் துளித் திரவம் விட்டு நிறம் பார்த்து வகை பிரிப்பார்கள், சின்னக் கடையில் அது கிடையாது. அடியில் "304" என்று ஆழமாகப் பொறித்திருந்தால் அது சரியான மூட்டைக்குப் போகும், நல்ல விலை கிடைக்கும், மறுபடி நல்ல எவர்சில்வராகவே திரும்பி வரும்.

ஊற்று

கேள்வியில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: "பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்று".

வீட்டில் தராசில் வைத்துப் பார்த்தேன். கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் காலியாக 22 கிராம். என் எவர்சில்வர் பாட்டில் 350 கிராம். எடையில் மட்டும் 16 மடங்கு. உலகத்திலேயே அதிகமாக நிக்கல் எடுப்பது இந்தோனேசியா, அங்கே உருக்குவதற்கு ஓடும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது, அந்த நிக்கல்தான் எவர்சில்வருக்குப் போகிறது. ஆகவே உங்கள் பாட்டில் பல பத்து பிளாஸ்டிக் பாட்டில்கள் அளவு சுற்றுச்சூழல் கடனோடுதான் பிறக்கிறது. தினம் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வாங்குகிறவர் இதற்கு மாறினால் சில மாதத்தில் கடன் அடைந்துவிடும். ஆனால் ஸ்மார்ட் பாட்டிலை வாங்கப் போவது யார்? ஏற்கெனவே வீட்டு அலமாரியில் மூன்று எவர்சில்வர் பாட்டில் வைத்திருப்பவர். அவர் பிளாஸ்டிக் பாட்டில் வாங்குவதை விட்டே பல வருடம் ஆகியிருக்கும். அவரிடம் நாலாவதாக ஒன்றை விற்றால் எந்தக் கடனும் அடையாது.

அதனால் வில்லையைத் தனியாக விற்க முடியுமா என்று யோசியுங்கள். பாட்டில் வேண்டும் என்று கேட்கிறவருக்கு மட்டும் பாட்டில். லாபம் குறையும், தெரிந்துதான் சொல்கிறேன்.

இன்னொன்று. மக்கள் பிளாஸ்டிக் பாட்டில் வாங்குவது கையில் பாட்டில் இல்லாததால் மட்டும் இல்லை, போகிற இடத்தில் நிரப்ப நம்பகமான தண்ணீர் இல்லாததால். நீலகிரியில் 2019-இல் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை வந்தபோது சாலையோரத்தில் தண்ணீர் ஏடிஎம்களும் சேர்ந்தே வந்தன. அங்கே போகிறவர்களுடைய பாட்டில் அந்தக் குழாய்க்கு அடியில் நிற்குமா, வாய் அகலம் போதுமா என்று ஒரு தடவை ஊட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதே 2019-இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் மணி என்று ஆரம்பித்தார்கள், குறிப்பிட்ட நேரத்தில் மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு பள்ளிக்கு ஒரு மணி. பள்ளிக்கூடங்களில் விற்கலாம் என்ற திட்டம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்குச் சென்சார் தேவையில்லை. பெரியவர்களுக்கும் எண் பொறித்த ஒரு வளையத்தை மூடியில் மாட்டி, ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் ஒரு எண் திருப்பிக்கொண்டால் பலருக்கு அதுவே போதும். வில்லை இல்லாமல் வாங்குகிறவருக்கு அந்த வளையத்தைக் கொடுங்கள்.

சிறுவாணி

இரண்டு நாளாக நாங்கள் மூன்று பேரும் இதையே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். முடிவு செய்தவரை சொல்கிறேன்.

யுவி-சி போய்விட்டது. மூடியில் இனி மின்னணு எதுவும் இல்லை, எண் வளையம் மட்டும். வில்லை தனி, இரண்டு ஏஏஏ செல், நாலு நட்சத்திரத் திருகாணி, பேட்டரி படம் அச்சிலேயே. ஆப் இல்லாமல் பொத்தானோடு ஓடும். பலகையின் வரைபடத்தையும் மென்பொருளையும் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப் போகிறோம், நாங்கள் இல்லாவிட்டாலும் யாராவது சரிசெய்ய முடியும். முதல் தொகுதியில் 500 பாட்டில் இல்லை. 150 பாட்டில், 200 வில்லை. இரண்டரை_லிட்டர் அண்ணா சொன்ன வாடகை யோசனையைச் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் பேசிப் பார்க்கிறோம், இருபது வில்லையை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். காயலான்கடை_மகள் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அறுத்த அந்த மூடியை எடுத்துப் பார்த்தேன், பேட்டரி என்று எங்கேயுமே நாங்கள் எழுதியிருக்கவில்லை. அந்த அண்ணனின் கை இப்போது சரியாகிவிட்டதா?

பெட்டியில் "பசுமை" என்று எழுதப் போவதில்லை. தகட்டு வகை, எடை, எந்தெந்தப் பாகத்தைத் தனியாக வாங்கலாம், என்ன விலை, இவற்றை மட்டும் அச்சடிக்கிறோம்.

இரட்டைச் சுவரா ஒற்றையா என்பதில்தான் இன்னும் சண்டை. ஒற்றைச் சுவரில் நம்மூர் வெயிலுக்குத் தண்ணீர் மதியத்துக்குள் சுடுகிறது, அப்படிச் சுட்டால் யார் குடிப்பார்கள் என்று தோழி கேட்கிறாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காயலான்கடை_மகள்

தழும்பு இருக்கிறது, கை நன்றாக வேலை செய்கிறது. கேட்டதற்கு நன்றிம்மா.

பட்டறை_கணபதி

ஒற்றைச் சுவர் செய்து, மேலே கழற்றிக் கழுவுகிற மாதிரி ஒரு துணி உறை தைத்துக் கொடுங்கள், கெட்டிப் பருத்தித் துணி. நனைத்து மாட்டினால் பானை மாதிரி கொஞ்சம் குளிர்ச்சி நிற்கும், உறையைத் தையல்காரர் யாரும் தைத்துத் தருவார்கள். அதுவும் போதாது என்பவருக்கு இரட்டைச் சுவர் 50 மட்டும் போடுங்கள். இரண்டுக்கும் வாய் அளவும் மரையும் ஒன்றாகவே இருக்கட்டும், மூடி மாறி மாறிப் பொருந்த வேண்டும்.

அப்புறம் வாஷர். எவ்வளவு நல்ல பாட்டிலும் வாஷர் தொலைந்த அன்றைக்கு ஒழுக ஆரம்பிக்கும், ஒழுகினால் மூலையில் போட்டுவிடுவார்கள். உங்களுக்கென்று தனி அளவு அச்சு செய்யாதீர்கள், கடையில் கிடைக்கும் ஓ-ரிங் அளவுக்கு மரையை வெட்டுங்கள், பெட்டியிலேயே இரண்டு கூடுதலாகப் போடுங்கள். கருப்பு வேண்டாம், வெள்ளை சிலிக்கான். பூஞ்சை பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், எடுத்துக் கழுவுவார்கள். மாதிரி மூடியோடு வியாழக்கிழமை பட்டறைக்கு வாருங்கள், மரையை அங்கேயே பார்த்துவிடலாம்.